திருச்சபையின் விசுவாசப் பிரமாணம் என்றால் என்ன? அது ஏன் எழுதப்பட்டது?

ஒரு திருச்சபை எதை நம்புகிறது என்பதைச் சில வரிகளில் அறிக்கையிடுவதே விசுவாசப் பிரமாணம். தந்தை, மகன், தூய ஆவி என மூவராய் விளங்கும் ஒரே கடவுளும், இயேசுவின் சிலுவை மரணமும் உயிர்த்தெழுதலும் அதன் மையம். இயேசு படைக்கப்பட்டவரே என்று ஆரியுஸ் என்ற குரு போதித்ததால் எழுந்த பிளவைத் தீர்க்க, பேரரசர் கான்ஸ்டன்டைன் 325-இல் நிக்கேயாவில் ஆயர்களைக் கூட்டியபோது இத்தகைய அறிக்கை ஒன்று உருவானது. வரைபடம் ஊராகிவிடாது, ஆயினும் அது இல்லாமல் சேர்ந்து புறப்பட்டவர்கள் ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள், அப்படித்தான் இதுவும்.

சபையின் பணியும் இதிலேயே அடங்கியிருக்கிறது (பலர் கவனிப்பதில்லை): பிரமாணம் திருச்சபையை அப்போஸ்தலருடையது என்கிறது, 'அப்போஸ்தலர்' என்றாலே அனுப்பப்பட்டவர் என்றுதான் பொருள்.

விசுவாசப் பிரமாணத்தில் வரும் 'கத்தோலிக்க' என்ற சொல் ரோமன் கத்தோலிக்கரை மட்டும் குறிப்பதன்று. கிரேக்க மூலத்தில் அதற்கு 'உலகளாவிய' என்று பொருள், ஆகவேதான் சீர்திருத்த சபைகள் பலவும் இதை ஓதுகின்றன.