பழைய கஸ்டம் எலெக்ட்ரிக் கிட்டாரில் வரும் ‘ம்ம்ம்’ இரைச்சலை எப்படிக் கண்டுபிடித்துச் சரிசெய்வது?

யாரோ கையால் செய்த கிட்டாரைப் பழையதாக வாங்கியிருக்கிறீர்கள், ஆம்பில் மாட்டியதும் இரைகிறது, பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் காந்தப் பாகத்தை) மாற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள். மாற்றாதீர்கள். இப்போதைக்குக் காசே செலவழிக்காதீர்கள். நான் செலவழித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

என்னுடையதும் அப்படி ஒரு கிட்டார்தான். பெங்களூர் இந்திராநகரில் வெளிநாடு கிளம்பிக்கொண்டிருந்த ஒருவரிடம் வாங்கினேன். மூன்று சிங்கிள் காயில் பிக்கப், அதாவது ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு செம்புச் சுருள். தலையில் எந்தப் பெயரும் இல்லை. செய்தவர் யாரென்று விற்றவருக்கே தெரியவில்லை. அவர் விடாமல் வாசித்துக் காட்டினார், நன்றாகத்தான் இருந்தது. அல்சூரில் என் வீட்டுக்குக் கொண்டுவந்து, வாசிப்பதை நிறுத்திய பிறகுதான் ஆம்புக்குள் வண்டு இருப்பது தெரிந்தது. முதலில் விலை கூடிய கேபிள் வாங்கினேன். வண்டு போகவில்லை. அப்புறம் நாய்ஸ் கேட் பெடல். சும்மா இருக்கும்போது அது வண்டின் வாயை மூடியது. ஒரு சுரம் தட்டினால் வண்டும் கூடவே பாடியது.

கடைசியில் எங்கள் தெருவில் மைக்செட் ரிப்பேர் பார்க்கும் அண்ணனிடம் தூக்கிக்கொண்டு போனேன். அதற்கு முன் அவர் கிட்டாரைத் திறந்ததே இல்லையாம். ஆனால் முதல் கேள்வியே சரியாக விழுந்தது: “தம்பி, கம்பியத் தொட்டா சத்தம் குறையுதா, கூடுதா, அப்படியே இருக்கா?”

நீங்களும் இங்கிருந்தே தொடங்கலாம். அதற்கு முன் ஒன்று. கம்பியைத் தொடும்போது சுருக்கென்று ஷாக் அடித்தால் அங்கேயே நிறுத்துங்கள். அது கிட்டாரின் கோளாறு அல்ல; ஆம்பிலோ வீட்டு வயரிங்கிலோ கோளாறு. பழைய வாடகை வீடுகளில் பிளக் பாயின்டில் மூன்றாவது ஓட்டை இருக்கும், அதன் பின்னால் எர்த் ஒயர் இருக்காது. எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். இரைச்சல் குறைகிறதே என்று ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை வெட்டுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். கம்பிகள் எர்த்தோடு சேர்ந்திருப்பதால் உங்கள் உடம்பும் அந்தச் சர்க்யூட்டில்தான் இருக்கிறது.

சரி, ஷாக் இல்லை. கம்பியைத் தொட்டால் சத்தம் குறைகிறதா? அப்படியானால் எர்த் ஒயர் ஒழுங்காக இருக்கிறது. உங்கள் உடம்பே ஒரு ஆன்டெனா மாதிரி வீட்டு மின்சாரத்தின் இரைச்சலை வாங்கி பிக்கப்புக்குக் கொடுக்கிறது. கம்பியைத் தொட்டதும் அது அடங்குகிறது. இரைச்சலைத் தடுக்க உள்ளே இருக்க வேண்டிய உலோக மறைப்பு போதவில்லை என்று பொருள். தொட்டால் கூடுகிறதா? பெரும்பாலும் கேபிள் சொருகும் ஜாக்கில் இரண்டு ஒயரும் இடம் மாறியிருக்கும், ஐந்து நிமிட வேலை. கம்பியைத் தொட்டு ஒன்றும் ஆகாமல், ஜாக்கில் சொருகிய பிளக்கின் உலோகத்தைத் தொட்டால் மட்டும் அடங்குகிறதா? பிரிட்ஜுக்கு, அதாவது உடம்பின் மேல் கம்பிகளைத் தாங்கும் உலோகத்துக்குப் போகும் எர்த் ஒயர் விட்டுப்போயிருக்கிறது. என் வண்டு இந்த மூன்றாவது ஜாதி.

வால்யூமை முழுக்கக் குறைத்தும் பாருங்கள். வழக்கமான வயரிங்கில் பூஜ்ஜியத்தில் சிக்னல் எர்த்தோடு சேர்ந்துவிடும், அமைதியாகிவிட வேண்டும். அப்போதும் இரைந்தால் கோளாறு ஜாக், கேபிள், ஆம்ப் பக்கம். அது வால்வ் (பழைய பாணிக் கண்ணாடிக் குழாய்) ஆம்ப் என்றால் நீங்களே திறக்காதீர்கள்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் ஆபத்தான வோல்டேஜ் நிற்கும்.

இரைச்சல் மின்சாரத்தில் இருந்துதான் வருகிறதா என்று காதாலேயே சோதிக்கலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதன் இரட்டிப்பான 100-உம் இரைச்சலில் கேட்கும். தடித்த ஈ (E) கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் ஜி (G) சுரம் சுமார் 98. அதை வாசித்துப் பாருங்கள், இரைச்சலோடு கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டு, நொடிக்கு இரண்டு தரம் அலையடிக்கும்.

என் கிட்டாருக்கு வருகிறேன். எஸ்.பி. ரோட்டில் வாங்கிய சாதாரண மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலையில்) வைத்து, ஒரு முனையை பிரிட்ஜிலும் இன்னொன்றை ஜாக்கின் வெளி உலோகத்திலும் வைத்தோம். ‘பீப்’ வர வேண்டும். வரவில்லை. பிரிட்ஜைக் கழற்றினால் ஒயர் அங்கேயே இருக்கிறது! செய்தவர் துளை போட்டு, ஒயரை இழுத்து, முனையைச் சீவி எல்லாம் சரியாகத்தான் செய்திருக்கிறார். அதன்மேல் வார்னிஷ் அடித்துவிட்டார். இரண்டு சென்டிமீட்டர் செம்பு, மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு. கையால் செய்த கிட்டாரில் இந்த மாதிரிதான் வரும். மரவேலை தேர் மாதிரி இருக்கும், கடைசி ஒயரில் கோட்டை விட்டிருப்பார்கள். பூச்சைச் சுரண்டி, இழைகளை விசிறி மாதிரி விரித்து, பிரிட்ஜை மேலே வைத்து இறுக்கினோம். பீப். முக்கால்வாசி வண்டு செத்தது.

மீதிக் கால்வாசிக்காக உள்ளே மறைப்பாகச் செம்பு டேப் ஒட்டினேன். டேப்பின் பசை மின்சாரம் கடத்துகிறதா என்று இரண்டு துண்டுகளுக்கு நடுவே மீட்டர் வைத்துப் பாருங்கள். கடத்தாவிட்டால் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு பொட்டு ஈயம் வைக்க வேண்டும். மொத்த டேப்பும் எர்த்தோடு சேர வேண்டும். வால்யூம் பாட் (குமிழுக்கு அடியில் இருக்கும் பாகம்) முதுகில் ஈயம் வைக்க 25 வாட் சாலிடரிங் அயர்ன் திணறும், 60 வாட் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் முடித்து மூடினால் என் கிட்டாரில் சத்தமே வரவில்லை. அரை மணி நேரம் வயிற்றைக் கலக்கிவிட்டது. ஜாக்கின் சிக்னல் கால் டேப்பில் முட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அந்த இடத்தில் மட்டும் மேலே இன்சுலேஷன் டேப் ஒட்டினேன்.

செம்பு டேப் எல்லாவற்றையும் தின்றுவிடும் என்று நம்பாதீர்கள். கர்ரென்ற இரைச்சலைக் குறைக்கும். டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப் புலத்தை அவ்வளவு மெல்லிய செம்பு தடுக்காது. கிட்டாரை மடியில் வைத்தபடி மெல்லத் திரும்பிப் பாருங்கள். ஒரு கோணத்தில் இரைச்சல் அடங்கினால் அது இந்த வகை. சிங்கிள் காயிலின் சுபாவமே அதுதான், அதற்காகத்தான் 1955-இல் கிப்சனின் சேத் லவர் இரண்டு காயில்களை எதிரெதிராகச் சேர்த்த ஹம்பக்கருக்குக் காப்புரிமை கேட்டார். மூன்று சிங்கிள் காயில் கிட்டாரிலும் நடு பிக்கப்பைத் தலைகீழாகச் சுற்றி, காந்தத்தையும் திருப்பியிருந்தால் இரண்டு பிக்கப் சேர்ந்து ஒலிக்கும் ஸ்விட்சின் 2, 4 நிலைகளில் இரைச்சல் ரத்தாகும். என்னுடையதில் ஆகவில்லை. மூன்றையும் ஒரே மாதிரி சுற்றியிருக்கிறார். நடு பிக்கப்பின் இரண்டு ஒயரை மட்டும் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். இரைச்சல் போனது, கூடவே கிட்டாரின் உடம்பும் போனது, தகர டப்பா மாதிரி ஒலித்தது. காந்தத்தையும் திருப்பினால்தான் உருப்படும். பழையபடியே மாட்டிவிட்டேன். ஆம்பிலிருந்து ஓரடி தள்ளி, கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்து வாசிக்கிறேன்.

கரண்ட் போன நேரத்தில் சோதிக்காதீர்கள். எங்கள் வீட்டில் பழைய சதுர அலை இன்வெர்ட்டர். அது ஓடும்போது எந்தக் கிட்டாரும் அலறும், நல்ல ஒயரைப் பிடுங்கி மறுபடி ஈயம் வைத்துக்கொண்டிருப்பீர்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதைத்தான் செய்தேன்.