சாதுவான லித்தியம், சண்டியர் பொட்டாசியம்

கேள்வி: தனிம அட்டவணையில் லித்தியம், சோடியம், பொட்டாசியம், சீசியம் போன்ற கார உலோகங்களில் கீழே போகப் போக வினைத்திறன் கூடும் என்று பிளஸ் ஒன் பாடத்தில் படித்தேன். ஆனால் தண்ணீரில் போட்டால் அதிக வெப்பம் தருவது லித்தியம்தான் என்கிறார் டியூஷன் சார். எது சரி?
– மாணவி, தக்கலை

பதில்: ரெண்டும் சரிதான் மக்களே. ஒரு மோல் லித்தியம் தண்ணீரோடு சேர்ந்தால் சுமார் 222 கிலோஜூல் வெப்பம். பொட்டாசியத்துக்கு 196, சோடியத்துக்கு 184. லித்தியம் அயனி, அதாவது எலக்ட்ரானை இழந்த அணு, பொடிசு. அதனால் தண்ணீர் மூலக்கூறுகள் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. வெப்பம் கூடுவது அதனால்தான்.

ஆனால் மொத்த வெப்பம் வேறு, வேகம் வேறு. வெளி எலக்ட்ரானைப் பிடுங்க லித்தியத்துக்கு மோலுக்கு 520 கிலோஜூல் வேண்டும். சோடியத்துக்கு 496, பொட்டாசியத்துக்கு 419, சீசியத்துக்கு 376. இது குறையக் குறைய வேகம் கூடும். உருகுநிலையையும் பாருங்கள். லித்தியம் உருக 181 டிகிரி ஆக வேண்டும். அதனால் கட்டியாகவே மிதந்து புஸ்ஸென்று நுரைக்கும். சோடியம் 98 டிகிரியில் உருகுவதால், தன் சூட்டிலேயே உருண்டையாகித் தண்ணீர்மேல் ஓடும். பொட்டாசியத்துக்கு 63 டிகிரியே போதும். ஹைட்ரஜனும் பற்றிக்கொண்டு ஊதா நிறத்தில் எரியும். சீசியத்துக்கு வெறும் 28. நாகர்கோவில் ஏப்ரல் மத்தியானத்தில் குப்பிக்குள்ளேயே உருகிக் கிடக்கும்!

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் குளச்சல் பக்கம் ஒரு பள்ளியில் இதைச் செய்து காட்டினேன். கண்ணாடித் தொட்டித் தண்ணீரில் ரெண்டு சொட்டு பினாப்தலீன்; காரம் பட்டால் ரோஸ் நிறமாகும் திரவம் அது. "பட்டாணியில் பாதி போதும் அண்ணே" என்றேன். ஆய்வக உதவியாளர் வெட்டித் தந்த உலோகமோ புளியங்கொட்டை அளவு. "பிள்ளைகளுக்குத் தெரியாண்டாமா சாரே?" என்றார். நானும் வாங்கிப் போட்டேன், புத்தி அவ்வளவுதான். டமார்! தொட்டி விரிசல் விட்டது. என் வெள்ளை வேட்டி முழுக்க ரோஸ் நிறம். பிள்ளைகள் யாரும் பக்கத்தில் இல்லாதது என் யோகம். வேட்டியை அலசிக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். வீடு சேரும்முன் மிச்ச நிறத்தையும் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு போக்கிவிட்டது. வெடித்த கதையை வீட்டில் நம்பவே இல்லை.

அந்த டமாருக்கு ஹைட்ரஜன் எரிவது மட்டும் காரணமில்லை. 2015-ல் செக் நாட்டு விஞ்ஞானிகள் அதிவேகக் கேமராவில் பார்த்தார்கள். எலக்ட்ரான்கள் தண்ணீருக்குள் பாய்ந்துவிட, மிஞ்சிய நேர்மின் சுமைகள் ஒன்றையொன்று தள்ள, ஒரு மில்லிசெகண்டுக்குள் உலோகம் முள்முள்ளாகச் சிதறுகிறது.

இன்னொன்று: சோடியத்தை மண்ணெண்ணெயில் முக்கி வைப்பார்கள்; லித்தியத்தைப் போட்டால் முங்காது. அடர்த்தி 0.53தான். அதனால் பாரபின் மெழுகிலோ வாசலினிலோ பொதிந்து வைப்பார்கள்.

கேள்வி: எங்கள் புத்தளம் உப்பிலும் சோடியம் இருக்கிறதே, மழையில் ஏன் வெடிப்பதில்லை?
– வாசகர், தாமரைகுளம்

பதில்: அது எலக்ட்ரானை ஏற்கெனவே குளோரினிடம் கொடுத்துவிட்ட சோடியம். சண்டைக்கு இனி கையில் சரக்கில்லை. உலோகமாக வேண்டுமென்றால் உப்பை உருக்கி மின்சாரம் பாய்ச்சணும். மழைக்குக் கரைந்து ஓடும், அவ்வளவுதான். வயிறு எரிவது பாத்தி கட்டினவருக்கு.