"உனக்குக் கை வராது" என்கிறார்கள், சர்ஜரியை விட்டுவிடலாமா?

கேள்வி: சொந்த ஊர் பட்டர்வொர்த். கோலாலம்பூரில் ஓர் அரசு மருத்துவமனையில் பொது அறுவை சிகிச்சை மாஸ்டர்ஸ் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். தியேட்டரில் கத்தி என் கைக்கு வருவதே அபூர்வம், வந்தாலும் பாதியில் வாங்கிவிடுகிறார்கள். போன மாதம் குடல் கேஸ் ஒன்றில், குடலை வெட்டி மூடும் ஸ்டேப்ளர் கருவியை ஒரு கையால் என்னால் அழுத்த முடியவில்லை. "உனக்கெல்லாம் கை வராது, பேசாமல் குழந்தை டாக்டருக்குப் போயிருக்கலாம்" என்று ஸ்பெஷலிஸ்ட் எல்லார் முன்னாலும் சொன்னார். செய்த ஆபரேஷன்களைக் குறித்து வைக்கும் லாக்புக் பாதி காலி. அன்றைக்கு ஆன்-கால் டியூட்டி முடிந்து கார் ஓட்டிக்கொண்டு வரும்போது சிக்னலில் தூங்கியே போனேன். வேலையை விட்டுவிட்டு ஊரில் கிளினிக் போடு என்கிறார் அம்மா. கை வராதவர்கள் சர்ஜன் ஆக முடியுமா, முடியாதா?
— பெயர் வேண்டாம், பிரிக்பீல்ட்ஸ்

பதில்:

தங்கச்சி, மற்றதெல்லாம் இருக்கட்டும், முதலில் அந்த ஸ்டேப்ளர் கதையை முடித்துவிடுவோம். நீங்கள் போடும் கையுறை என்ன அளவு? ஆறரை, இல்லை அதற்கும் கீழே என்றுதான் நினைக்கிறேன். லேப்பரோஸ்கோப்பிக் கருவிகளில் (சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷனுக்கானவை) முக்கால்வாசி பெரிய கைக்கு அளவெடுத்துச் செய்தவை, சின்னக் கை உள்ள சர்ஜன்களுக்கு அதிலும் ஸ்டேப்ளர் ரொம்பவே சிரமம் தருகிறது என்பது ஆய்வுகளிலேயே பதிவான விஷயம். உங்கள் திறமைக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. இன்னொரு கையில் இருக்கும் கருவியை அசிஸ்டென்ட்டிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையாலும் அழுத்துங்கள். எத்தனை கையால் அழுத்தினார்கள் என்று குடல் கேட்கப்போவதில்லை.

டேபிள் உயரத்தையும் பாருங்கள். லேப்பரோஸ்கோப்பியில் கருவி நீளம் என்பதால், வயிற்றைத் திறந்து செய்யும்போது இருப்பதைவிட டேபிள் தாழ இருக்க வேண்டும், முழங்கை 90 முதல் 120 டிகிரிக்குள் மடங்கி இருக்க வேண்டும், மானிட்டர் கண்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே. ஆறடி ஆளுக்குச் சரிபண்ணி வைத்த டேபிளில் ஐந்தடி ஆள் தோளைத் தூக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் வேலை பார்த்தால் கை நடுங்கத்தான் செய்யும், அதைப் பார்த்துவிட்டு "கை வராது" என்று ஒரு தீர்ப்பு வேறு! கை கழுவப் போவதற்கு முன்பே மிஸியிடம் (நர்ஸிடம்) சொல்லி ஸ்டூல் போடச் சொல்லுங்கள். இதைக் கேட்கக் கூச்சப்பட்டே வருஷக்கணக்கில் தோள்வலியோடு திரிகிறவர்கள் நிறையப் பேர்.

சரி, கத்தி கைக்கு வராத விஷயம். பாதியில் வாங்கிவிடுகிறவர் எல்லாரும் கெட்டவர் இல்லை. லிஸ்ட்டில் இன்னும் மூன்று கேஸ் இருக்கும், மயக்க டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், காலையிலிருந்து பட்டினி கிடக்கும் அடுத்த நோயாளியைப் பற்றி வார்டிலிருந்து போன் மேல் போன் வரும், ஏதாவது தப்பானால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அந்த நேரத்தில் போய் "பாஸ், நான் பண்ணட்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் வாயில் வரும். முழு ஆபரேஷனைக் கேட்காதீர்கள், அதில் ஒரு படியைக் கேளுங்கள், அதையும் முன்னாடியே கேளுங்கள். அப்பெண்டிக்ஸை எடுத்துக்கொள்வோம். தொப்புள் வழியாக உள்ளே போவது ஒரு படி. பெருங்குடலின் மேல் ஓடும் தசைப் பட்டையைப் பிடித்துக்கொண்டே போய் அப்பெண்டிக்ஸின் அடியைக் கண்டுபிடிப்பது இன்னொன்று. ரத்தக்குழாயோடு இருக்கும் அந்தக் கொழுப்பு மடிப்பை, அதாவது மீசோவைப் பிரிப்பது, அடியில் லூப் என்ற நூல் வளையத்தைப் போட்டு இறுக்குவது, வெட்டிப் பையில் போட்டு வெளியே எடுப்பது என்று ஒவ்வொன்றும் தனி வேலை. "நாளைக்கு மீசோவை நான் பிரிக்கிறேன் பாஸ், லூப் போடும்போது நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று முதல் நாள் சாயங்காலமே ஒரு வாட்ஸ்அப் போட்டுவிடுங்கள். எங்கே ஆரம்பித்து எங்கே நிறுத்துவாள் என்று தெரிந்தால் அவருக்கும் பயம் குறையும். அந்தப் படி சுத்தமாக வந்துவிட்டால் அடுத்த வாரம் அடுத்ததைக் கேளுங்கள். ஐந்தாறு கேஸில் ஐந்தாறு படி கைக்கு வந்தபின் ஒருநாள் முழுசாகச் செய்துவிடுவீர்கள், அன்றைக்கு யாரும் கைதட்ட மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

லாக்புக்கை அன்றன்றைக்கே எழுதுங்கள். உதவி செய்தது, மேற்பார்வையில் செய்தது, தனியாகச் செய்தது என்பதோடு எந்தப் படியை நீங்கள் செய்தீர்கள் என்றும் ஒரு வரி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதை எடுத்துக்கொண்டு சூப்பர்வைசர் முன்னால் உட்காருங்கள். பாதி காலியாக இருக்கும் லாக்புக்கை வைத்துக்கொண்டு நீங்கள் மட்டும் தலைகுனிய வேண்டியதில்லை, கேஸ் இத்தனை ஓடியும் பயிற்சியில் இருப்பவருக்கு ஏன் எதுவும் போகவில்லை என்று டிபார்ட்மென்ட்டும் யோசிக்க வேண்டும்.

வீட்டில் என்ன செய்யலாம்? அலமாரிக் கைப்பிடியில் பட்டு நூலைக் கட்டி, டிவி பார்த்துக்கொண்டே, இரண்டு கையாலும் முடிச்சுப் போடுங்கள், முக்கியமாக உங்களுக்குப் பழக்கமில்லாத கையால். தையலுக்கு பசாரில் தோலோடு கோழித்தொடை வாங்கினால் போதும், தைத்து முடித்த பிறகு சமைக்க வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் துளை போட்டு, உள்ளே போன் கேமராவை வைத்து, காலாவதியான கருவிகளைத் தியேட்டரில் கேட்டு வாங்கிக்கொண்டால் அதுவே ட்ரெய்னர். அமெரிக்காவில் எஃப்எல்எஸ் என்ற லேப்பரோஸ்கோப்பித் தேர்வில் தேறாமல் பொது அறுவை சிகிச்சை போர்டு சான்றிதழ் வாங்க முடியாது. அதன் செய்முறைப் பகுதி மொத்தமே 5 வேலைதான்: சின்ன வளையங்களைக் கையிலிருந்து கைக்கு மாற்றுவது, துணியில் வட்டமாக வெட்டுவது, லூப் போடுவது, வெளியே முடிச்சுப் போட்டு உள்ளே தள்ளுவது, உள்ளேயே முடிச்சுப் போடுவது. இதெல்லாம் பிறவியிலேயே வர வேண்டும் என்றால் எதற்குப் பரீட்சை வைக்கிறார்கள்?

அந்த ஸ்பெஷலிஸ்ட் பேசிய பேச்சுக்கு வருகிறேன். முடிச்சு தளர்வாக இருக்கிறது, மறுபடி போடு என்று கத்தினால் அது பயிற்சி, கத்தாமல் சொன்னால் இன்னும் நல்லது. குழந்தை டாக்டருக்குப் போ என்பது பயிற்சி இல்லை. (குழந்தை டாக்டர் வேலை சுலபம் என்று யார் அவருக்குச் சொன்னது?) 2018இல் அமெரிக்காவில் 7,000க்கும் மேற்பட்ட சர்ஜரி பயிற்சி மருத்துவர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். சோர்ந்து நொந்துபோவது ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகமாகத் தெரிந்தது. ஆனால் அவமதிப்பு, பாகுபாடு, தொல்லை இவற்றையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது பெண்களிடம் கூடுதலாகத் தெரிந்த அந்தச் சோர்வு காணாமல் போய்விட்டது. அதாவது நடத்துகிற விதம்தான் ஆளைத் தின்கிறது. இங்கேயும் 2022இல் பினாங்கில் ஒரு பயிற்சி மருத்துவர் இறந்த பிறகுதான் சுகாதார அமைச்சு வேலைச் சூழலை ஆராய ஒரு குழு போட்டது. தேதி, நேரம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் யார் யார் என்று குறித்து வையுங்கள். ஒருமுறை என்றால் விட்டுவிடலாம். தொடர்ந்தால் சூப்பர்வைசர், அப்புறம் டிபார்ட்மென்ட் தலைவர், அங்கேயும் அசையவில்லை என்றால் மலேசிய மருத்துவச் சங்கத்தின் ஸ்கோமோஸ் பிரிவு, அரசு டாக்டர்களின் பிரச்சினைக்கென்றே இருப்பது அது. ஃபேஸ்புக்கில் எழுதுவதை மட்டும் இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். ராத்திரியில் மனசு தாங்கவில்லை என்றால் மனசுக்கு ஆறுதல் சொல்லும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பில் 24 மணி நேரமும் போன் எடுப்பார்கள், டாக்டர் கூப்பிடக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

சிக்னலில் தூங்கியதைக் கடிதத்தில் ஒரே வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். எனக்கு ஸ்டேப்ளரைவிட அதுதான் பயம். ஆன்-கால் முடிந்த நாளில் கார் சாவியைத் தொடாதீர்கள். எம்ஆர்டி, கிராப், இல்லையென்றால் ஆன்-கால் அறையிலேயே இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டுக் கிளம்புங்கள்.

கை வராதவர்கள் சர்ஜன் ஆக முடியுமா என்றால், இந்தத் துறைக்கு ஒத்துவராதவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள், ஆனால் கையால் அப்படி ஆனவர்கள் மிகக் குறைவு. ராத்திரி மூன்று மணிக்கு நோயாளியின் வயிறு கல்லாக இருக்கும்போது, திட்டுவார்களே என்று மேலே இருப்பவரைக் கூப்பிடாமல் விடுகிறவர், தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டுகிறவர், இவர்களைத்தான் எனக்குப் பயம். உங்கள் கடிதத்தில் அப்படி எதையும் நான் பார்க்கவில்லை.

விடுவதென்றே முடிவெடுத்தாலும் தப்பில்லை, ஆனால் ஆன்-கால் முடிந்த களைப்பில் எடுக்காதீர்கள். ஹெச்எல்பி என்ற அரசாங்க உதவித்தொகையில் படிக்கிறீர்கள் என்றால் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை எடுத்து முழுசாகப் படியுங்கள், நடுவில் நின்றால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்று அதில் இருக்கும். அம்மாவிடமும் அந்தத் தொகையைச் சொல்லுங்கள். கிளினிக் போடக் கடை வாடகை, மருந்து, ஆள் சம்பளம் என்று அவரையே ஒரு கணக்குப் போடச் சொல்லுங்கள், பட்டர்வொர்த்தில் இப்போதே எத்தனை கிளினிக் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வரச் சொன்னாலும் சரிதான்.