புகையானுக்கு மருந்து கேட்கிறீர்கள், மடையைப் பார்த்தீர்களா?

கேள்வி: ஐயா, மதுரைக்குத் தென்கிழக்கே, கிருதுமால் நதித் தண்ணீர் வரும் கண்மாய்ப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் நஞ்சை எங்களுக்கு. கோ 51 நெல் நட்டு நாற்பத்தைந்து நாள். பயிர் கருகருவென்று நிற்கிறது, ஆனால் நடுநடுவே வட்டம் வட்டமாகக் காய்கிறது. உரக்கடையில் இரண்டு மருந்து கலந்து கொடுத்தார்கள். அடித்த பிறகு வட்டம் பெரிதாகிவிட்டது. போன போகமும் பயிர் சாய்ந்து பாதி சாவி, வெறும் பதர். மேலுரத்துக்கு யூரியா வாங்கி வைத்திருக்கிறேன். வேறு எந்த மருந்து அடிக்கலாம்?

பதில்: அம்மா, நீங்கள் சொல்வது புகையான், தண்டில் சாறு உறிஞ்சும் பூச்சி. குத்தை விலக்கித் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தண்டைப் பாருங்கள், பழுப்புப் பூச்சி அப்பிக்கொண்டிருக்கும். வயலை வடித்து மூன்று நாலு நாள் காயப்போடுங்கள். இடையிடையே பட்டம் (நடைபாதை இடைவெளி) விடாமல் நட்டிருந்தால், எட்டடிக்கு ஒரு இடத்தில் பயிரை இருபுறமும் ஒதுக்கிக் காற்றும் வெயிலும் அடியில் படச் செய்யுங்கள். தூருக்கு, அதாவது குத்தில் உள்ள ஒரு தண்டுக்கு, ஒரு பூச்சி என்றால் மருந்து தேவை. புகையானைத் தின்னும் சிலந்தி குத்துக்கு ஒன்று தென்பட்டால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். அதையும் தாண்டினால் புப்ரோபெசின் 25 எஸ்சி, ஏக்கருக்கு 320 மில்லி, தூரடியில் படும்படி. வடித்த பிறகு அடியுங்கள், அடித்த பிறகு வடிக்காதீர்கள். அந்தத் தண்ணீரைக் கீழ்மடைக்காரர் மாடு குடிக்கும்.

கடையில் கொடுத்த டப்பாவை எடுத்துப் பாருங்கள். மருந்தின் பெயர் ‘த்ரின்’ என்று முடிகிறதா? அந்த வகை மருந்து சிலந்தியைக் கொன்றுவிட்டுப் புகையானைப் பெருக்கும். இது தெரியாத கடைக்காரர் மருந்து விற்கக் கூடாது. தெரிந்தே கொடுத்தவரிடம் நீங்கள் இனி போகக் கூடாது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு: இவ்வளவு கருப்பு பயிருக்கு எங்கிருந்து வந்தது? நாகமலை அடிவாரத்தில் புறப்படும் கிருதுமால் மதுரையைக் கடந்து வெளியே வரும்போது ஊர்ச் சாக்கடையைச் சுமந்து வருகிறது. கழிவறையும் சோப்புத் தண்ணீரும் கலந்த அந்த நீரில் தழைச்சத்து (நைட்ரஜன்) இருக்கிறது. லிட்டருக்கு 20 மில்லிகிராம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு ஏக்கரில் இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டினால் ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர். அதில் 4 கிலோ தழைச்சத்து, அதாவது கிட்டத்தட்ட 9 கிலோ யூரியா. பத்துத் தடவை பாய்ச்சினால் இரண்டு மூட்டை. நீங்கள் ஒரு பிடி போடாமலே இவ்வளவு சேர்ந்துவிடுகிறது. அதற்கு மேல் மேலுரமும் போட்டால் பயிர் சாயாமல் என்ன செய்யும்? தழை மிஞ்சிய பயிரில் புகையான், குலைநோய், இலைச்சுருட்டு எல்லாம் வரும், கதிரும் சாவியாகும்.

ஆகவே அந்த யூரியா மூட்டையைப் பிரிக்காதீர்கள். வேளாண்துறையில் இலை வண்ண அட்டை கேளுங்கள், இலையின் பச்சையை எண்ணிட்ட பச்சைப் பட்டைகளோடு ஒப்பிடும் அட்டை அது. காலை எட்டு மணியிலிருந்து பத்துக்குள், வெயில் படாமல் உங்கள் உடம்பால் மறைத்துக்கொண்டு, நன்றாக விரிந்த மேல் இலையை அட்டையோடு ஒட்டிப் பாருங்கள். பத்துக் குத்தில் பார்க்க வேண்டும். வெள்ளைப் பொன்னி தவிர மற்ற ரகங்களுக்கு 4ஆம் எண்ணுக்குக் கீழே போனால்தான் யூரியா. இதை வாராவாரம் செய்கிறவர் கையில் பணமும் மிஞ்சும், கிணறும் பிழைக்கும். நாம் மிஞ்சப் போடுவது நைட்ரேட்டாக இறங்கிக் குடிதண்ணீருக்குள் போகிறது. லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால் அது குடிக்க ஆகாது. மாநகரத்தைக் குறை சொல்லும் நாமும் பூச்சிமருந்து டப்பாவை வாய்க்காலில்தானே கழுவுகிறோம்? அதை முதலில் நிறுத்துவோம்.

தண்ணீரைக் கட்டாயம் பரிசோதியுங்கள். ஓடும் வாய்க்காலில், அதே நீரால் இரண்டு மூன்று முறை அலசிய ஒரு லிட்டர் பாட்டிலில் முழுக்கப் பிடித்து, அன்றைக்கே யானைமலை ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியில் கொடுங்கள். கிணற்று நீர் என்றால் மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டுப் பிடியுங்கள். அறிக்கையில் ‘EC’ என்று இருக்கும் உப்பின் நிலை 2.25 dS/m அளவுக்கு மேல் போனால் எழுதுங்கள், ஜிப்சமும் தக்கைப்பூண்டுப் பசுந்தாள் உரமும் எவ்வளவு என்று சொல்கிறேன். இந்தத் தண்ணீரில் கீரை மட்டும் போடாதீர்கள்.

ஒருவர் பாட்டில் போதாது. அதே கண்மாயில் பாசனம் பெறும் ஆயக்கட்டுக்காரர்கள் எல்லாரும் தலைமடை, நடுமடை, கடைமடை என்று பிடித்த முடிவுகளைச் சேர்த்து, ஆட்சியர் அலுவலகத்து விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள். சாக்கடையைச் சுத்திகரிக்காமல் நதியில் விடுவதை நிறுத்தச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. பரிசோதனைத் தாள் கையில் இருந்தால் அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும்.