மையெஸ்க்யூஎல் நின்றுபோனால் ரீஸ்டார்ட்டுக்கு முன் எடுக்க வேண்டியது

காரைக்குடிக் கடையின் பில் விவரங்களைச் சேமிக்கும் டேட்டாபேஸான மையெஸ்க்யூஎல் நின்றுபோகுது, என்ன பண்றதுன்னு கேட்டீங்க. உடனே ரீஸ்டார்ட் பண்ணிடாதீங்க. உறைந்து நிற்கும்போதுதான் காரணம் கையில் கிடைக்கும், ரீஸ்டார்ட் பண்ணினால் அது போய்விடும்.

சர்வரில் மையெஸ்க்யூஎல்லுக்குள் ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) நுழைந்து 'ஷோ ஃபுல் பிராசஸ்லிஸ்ட்' (இப்போ ஓடும் வேலைகளின் பட்டியல்), 'ஷோ எஞ்சின் இன்னோடிபி ஸ்டேட்டஸ்' (பூட்டுகள் உட்பட உள்நிலை) இரண்டு கட்டளைகளின் வெளியீட்டையும் 10 விநாடி இடைவெளியில் மூன்று தடவை ஃபைலில் சேமிங்க. ஒரே தடவை எடுத்தால் எது நகருது, எது நிற்குதுன்னு தெரியாது.

காரைக்குடிக் கடையில் ஆத்தங்குடிக் கல்லுக்கு பில் சேமிக்கும்போது மட்டும் சுத்துதுன்னு சொல்றீங்க. பாதியில் விட்ட ஒரு பில் ஸ்டாக் டேபிளில் அந்தக் கல்லுக்கான பதிவை (ரோ) வேறு யாரும் மாற்ற முடியாதபடி பூட்டி வைத்திருக்கலாம். மாற்றாத செட்டிங் என்றால் 50 விநாடியில் 'லாக் வெயிட் டைம்அவுட்' பிழை வரும், வந்தால் பூட்டுதான். எங்க கண்டாங்கிச் சேலைக் கடையில் இப்படிப் பூட்டி நின்றதுக்குக் காரணம், குடோன் கம்ப்யூட்டரில் பில்லைத் திறந்து வைத்துவிட்டு சாப்பிடப் போயிருந்ததுதான்.

பிழையே வராமல் நின்றால் டிஸ்க் நிறைந்திருக்கான்னு பாருங்க, அதுவும் இப்படித்தான் நிற்கும்.