பி.காம் படிக்கும் மகளை ஏஐ கோர்ஸுக்கு மாற்றலாமா?

அம்மா, வணக்கம். "ஏஐ தானாகவே கற்றுக்கொண்டு கணக்கு வேலையை எல்லாம் பார்த்துவிடுமாமே, பி.காமை நிறுத்திவிட்டு ஏஐ கோர்ஸில் சேர்த்துவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்த வேண்டாம். உங்களைப் பயமுறுத்துவது "தானாகவே" என்ற சொல்தான்.

கொடுத்த வேலையைப் படிப்படியாகத் தானே செய்யும் ஏஐ மென்பொருளை ஏஜென்ட் என்கிறார்கள். அது தினமும் வேலை செய்வதால் மட்டும் அதன் மூளை போல உள்ளிருக்கும் மாடல் மாறிவிடுவதில்லை. பெரும்பாலும் மாறுவது அது பார்த்துச் செய்யும் குறிப்பேடுதான். ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று எழுதிவைத்த அந்தக் குறிப்பைத்தான் ஸ்கில் என்கிறார்கள். 2023-ல் வந்த வாயேஜர் ஆய்வில், ஜிபிடி-4 என்ற ஏஐ மாடல் மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டுக்காகத் தான் எழுதிய நிரல்களில் சோதனையில் தேறியவற்றை மட்டும் சேமித்துவைத்து, அடுத்த வேலைகளுக்கு எடுத்துக்கொண்டது. "தேறியவற்றை மட்டும்" என்பதுதான் இதில் உயிர்நாடி. விளையாட்டில் பொருள் கைக்கு வந்ததா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும். கணக்கில் அப்படித் தெரியாது; கணக்குத் தெரிந்த ஆள்தான் சொல்ல வேண்டும்.

ஜிஎஸ்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். கடையின் கொள்முதல் பதிவேட்டை ஜிஎஸ்டிஆர்-2பி-யோடு (விற்பனையாளர்கள் தாக்கல் செய்த பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் தரும் பட்டியல்) ஒத்துப்பார்க்க ஒரு ஸ்கில் இருக்கிறது. பதிவேட்டில் "045", 2பி-யில் "ஏ/045". ஏஜென்ட் "பொருந்தவில்லை" என்கிறது. இரண்டும் ஒரே பில்தான் என்று ஒருவர் திருத்துகிறார். உடனே அது, "பில் எண்ணில் எழுத்துகளை விட்டுவிடு" என்று குறித்துக்கொள்கிறது. அடுத்த மாதம் அதே விற்பனையாளர் இரண்டு வரிசையில் பில் போடுகிறார்: ஏ/045, பி/045. ஏஜென்டுக்கு இரண்டும் ஒன்றுதான். வேறொரு பில்லின் வரியை இங்கே பொருத்திவிடுகிறது. ஒரே ஒரு திருத்தத்திலிருந்து பொது விதி செய்ததுதான் பிழை. "எழுத்தை விட்டுப் பார்த்து எண் ஒத்துப்போனால், ஜிஎஸ்டிஐஎன் (விற்பனையாளரின் ஜிஎஸ்டி பதிவு எண்), தேதி, வரிக்கு முந்தைய தொகை மூன்றும் சேர வேண்டும்; சேராவிட்டால் ஆளிடம் கேள்" என்று எழுதியிருக்க வேண்டும். அந்த விதியை எழுதத்தான் உங்கள் மகள் படிக்கிறாள்.

அவள் இப்போதே பழகலாம். 20 பில்கள் போதும். பெயர், எண் எல்லாம் கற்பனையாக இருக்கட்டும், யாருடைய உண்மையான பில்லையும் ஏற்றக் கூடாது. சரியான விடையை முதலில் கையால் எழுதிவைக்கட்டும். 12 பில்களை வைத்து ஸ்கில்லைத் திருத்தட்டும். மீதி 8-ஐக் கடைசிவரை தொடக் கூடாது. ஸ்கில்லில் ஒரு நேரத்தில் ஒரு வாக்கியத்தைத்தான் மாற்ற வேண்டும், மாற்றியதும் 12-ஐயும் மறுபடி ஓட்ட வேண்டும். புதிதாக ஒன்று சரியாகி, முன்பு சரியாக இருந்த இரண்டு தப்பாகிவிட்டால் அந்த மாற்றத்தை எடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் தேதியும் காரணமும் எழுதிவைக்கட்டும். 12-ல் நன்றாக ஓடி அந்த 8-ல் சறுக்கினால், அந்த 12-க்கு மட்டுமே மனப்பாடம் செய்த ஸ்கில் அது.

ஸ்கில்லின் மேலே இருக்கும் விளக்கத்திலும் கவனம் வேண்டும். 2025 அக்டோபரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் வெளியிட்ட முறையில், ஏஜென்ட் முதலில் பார்ப்பது பெயரையும் விளக்கத்தையும் மட்டுமே. தேவை என்று பட்டால்தான் உள்ளே படிக்கும். "கணக்கு வேலைக்கு" என்று மொட்டையாக எழுதினால் தேவையானபோது திறக்காமலே போகலாம்.

பழைய குறிப்பும் ஆபத்துதான். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியில் 12, 28 சதவீத அடுக்குகள் பெரும்பாலான பொருள்களுக்கு நீங்கின. 40 சதவீதம் புதிதாக வந்தது. அதற்கு முன் எழுதிய ஸ்கில் பழைய விகிதங்களையே சரி என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சான்றிதழோடு அந்தத் திருத்தப் பதிவையும் எடுத்துச் செல்லச் சொல்லுங்கள். எக்செல்லும் ஜிஎஸ்டியும் நன்றாகத் தெரிந்தபின் ஏஐ கோர்ஸ் வேண்டுமென்றால் விடுமுறையில் சேரட்டும். சேரும் முன், "மாணவர்கள் செய்த டெஸ்ட்களைக் காட்டுங்கள்" என்று அங்கே கேளுங்கள். காட்ட முடியாத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.