ரிமாண்ட், ஜாமீன், எஃப்.ஐ.ஆர்.: மாஜிஸ்திரேட்டிடம் எதைக் கேட்கலாம்? – கேள்வி பதில்

(2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கு (சி.ஆர்.பி.சி.) பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) நடைமுறையில் இருக்கிறது. கீழே உள்ள பிரிவு எண்கள் அதற்குரியவை.)

கேள்வி: சனிக்கிழமை மாலை தம்பியைக் கைது செய்தார்கள். திங்கள்கிழமைதான் கோர்ட் என்கிறார்களே?

பதில்: தவறு. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். அரசியலமைப்பின் 22(2) சொல்வது இதைத்தான். ஞாயிறு என்றால் அவர் வீட்டில் ஆஜர்படுத்தலாம். அடித்திருந்தால் அங்கேயே வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். போலீஸ் பக்கத்தில் நிற்கிறதே என்று "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டால், பிறகு நிரூபிப்பது பெரும்பாடு. கைதானவரை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும், அறிக்கையின் நகலும் தர வேண்டும் (பிரிவு 53). கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: அறுபது நாள் ஆனால் ஜாமீன் தானாகக் கிடைக்குமா?

பதில்: தானாகக் கிடைக்காது, கேட்க வேண்டும். கெடுவுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால்தான் இந்த ஜாமீன் உரிமை வரும். இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். மரண தண்டனை, ஆயுள், பத்து ஆண்டு அல்லது அதற்கு மேல் என்றால் 90 நாள். மற்றவற்றுக்கு 60 நாள் (பிரிவு 187). கணக்கு கைதான நாளிலிருந்து அல்ல, முதல் ரிமாண்ட் நாளிலிருந்து (மாஜிஸ்திரேட் காவலில் வைக்க உத்தரவிட்ட நாள்). அந்த நாளும் சேரும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 61ஆம் நாள் காலையிலேயே மனு போடுங்கள். அதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டால் இந்த உரிமை போய்விடும். ஜாமீன்தாரர்களின் ஆவணங்களை முன்பே தயாராக வையுங்கள். உத்தரவு வந்தும் அவர்கள் இல்லாமல் உள்ளேயே கிடப்பவர்கள் உண்டு.

கேள்வி: ஸ்டேஷனில் புகாரை வாங்க மறுக்கிறார்கள். நேரே மாஜிஸ்திரேட்டிடம் போகலாமா?

பதில்: முதலில் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள். அதற்கும் பலனில்லை என்றால், போலீஸ் விசாரிக்க உத்தரவிடக் கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் பிரிவு 175(3)இன் கீழ் மனு. பிரமாணப் பத்திரம் கட்டாயம். அது இல்லாமலோ, தபால் ரசீது இல்லாமலோ போனால் மனு பெரும்பாலும் நிற்காது.

கேள்வி: ஆர்.டி.ஓ.வும் மாஜிஸ்திரேட்தானே? அவர் தண்டிக்க முடியுமா?

பதில்: அவர் நிர்வாக நடுவர் (நடுவர் என்றால் மாஜிஸ்திரேட்). அமைதி காக்கப் பத்திரம் எழுதி வாங்கலாம் (பிரிவு 126, அதிகபட்சம் ஓராண்டு). குற்ற வழக்கை விசாரித்துத் தண்டிப்பது நீதித்துறை நடுவர். முதல் வகுப்பு நடுவர் என்றால் மூன்று ஆண்டு சிறை, 50,000 ரூபாய் அபராதம் வரை.